நின்று சொல்ல வேண்டிய வார்த்தை

ஏழு வரைக்கும் சரியாக எண்ணிக்கொண்டு வந்தவளுக்கு எட்டு வாயில் வரவில்லை. தோள்பட்டை இறுகிப்போன கணக்காசிரியர் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று கையை மேலே தூக்கிக்கொண்டிருந்தார். "ஏழுக்கு அப்புறம் எட்டும்மா, அது எனக்கே தெரியும்," என்று முனகினார். அவள் காதில் அது ஏறவில்லை. பிசியோதெரபி கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு சக்கர நாற்காலி உள்ளே வந்திருந்தது. தலையைத் தொங்கப்போட்டபடி அதில் உட்கார்ந்திருந்த ஆளை அவளுக்குத் தெரியும். அவள் கணவன்மேல் லாரியை ஏற்றியவர் அவர்.

வழக்கின் முதல் விசாரணையன்று நீதிமன்றத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து அவருடைய பிடரியையும் ஒரு பக்கக் கன்னத்தையும் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறாள். அன்றும் இதே சக்கர நாற்காலி, இதே தொங்கிய தலை. ஒருமுறைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் இவளை அவருக்குத் தெரியாது.

அவள் கணவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தான். ஒரு நாள் காலை சைக்கிளில் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. சாலையை விட்டு விலகி வந்த லாரி அவனை அடித்துத் தள்ளிவிட்டு ஒரு சுவரில் போய் மோதி நின்றது. ஓட்டி வந்தவருக்கு இடுப்பும் தொடையும் நொறுங்கின. ஒரு அறுவை சிகிச்சை போதாமல், புண் சீழ் பிடித்து, இன்னொன்றும் செய்தார்கள். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து முட்டி மடங்காமல் போய்விட்டது. இப்போது அவரை எழுப்பி நடக்க வைக்க வேண்டிய வேலை இந்தக் கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

அவள் நேராகத் துறைத் தலைவியின் அறைக்குப் போனாள். பெரிய மேடம் என்று எல்லாரும் கூப்பிடும் அந்த அம்மாள் விஷயத்தைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீ அவர் பக்கமே போக வேண்டாம். ஏணி பார்த்துக்கட்டும்."

ஏணி என்பது இன்னொரு பிசியோ. உயரத்தால் வந்த பெயர். குணத்தில் தங்கம், ஆனால் நோயாளி முகம் சுளித்தால் இவனுக்கும் கண் கலங்கிவிடும்.

சாயங்காலம் வீட்டில் மாமனாரிடம் சொன்னாள். அந்த மூன்றாம் மாடி வீட்டில் இப்போது அவர்கள் இரண்டு பேர்தான். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் ஊதி ஊதியே காது போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மகன் போன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. சமையலும் நின்றுபோயிற்று என்றே சொல்ல வேண்டும். வீட்டில் சமைக்கத் தெரிந்தவன் மகன் ஒருவன்தான். மருமகள் சமைத்தால் உப்பு இருக்காது, மாமனார் சமைத்தால் உப்பு மட்டும்தான் இருக்கும். இரண்டையும் ஒருவருக்கொருவர் குறை சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டு நாட்களை ஓட்டினார்கள்.

அவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு முழுவதையும் கேட்டார்.

"முட்டிய மடக்குவீங்க இல்ல, வலிக்க வலிக்க?"

"ஆமா மாமா."

"அந்த நெட்டையன்கிட்ட சொல்லு. கொஞ்சம் கூடவே மடக்கச் சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தன் அழுகையைத் தண்ணீர்ச் சத்தத்தில் மறைத்துக்கொண்டாள்.

மகனைப் புதைத்த நாளிலிருந்து கிழவர் ஆலயத்துக்குப் போவதில்லை. கேட்டால், "அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல," என்பார். அவர் என்று சொன்னது கடவுளை. அவள் மட்டும் பழக்கத்தால் போய்க்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் உட்காருவாள், ஆசீர்வாதம் சொல்வதற்குள் எழுந்து வந்துவிடுவாள். பரமண்டல ஜெபம் சொல்லும்போது மன்னிப்பைப் பற்றிய வரி வந்தால் அவள் வாய் தானாக மூடிக்கொள்ளும். அந்த ஒரு வரியைச் சபை கடந்து போகட்டும் என்று காத்திருந்து அடுத்த வரியில் சேர்ந்துகொள்வாள். போதகருக்கு அது தெரியுமோ என்னவோ. துக்க வீட்டுக்கு வந்த அன்று, "எல்லாம் தேவ சித்தம்னு மட்டும் சொல்லிடாதீங்க ஐயா," என்று அவள் கத்தியபோது, அவர் சமையலறைக்குப் போய்க் குவிந்து கிடந்த பாத்திரங்களை எல்லாம் துலக்கி வைத்துவிட்டுப் போனவர்.

மருத்துவமனையிலும் அவள் மாறிப்போயிருந்தாள். முன்பெல்லாம் நோயாளிகளைச் சீண்டிச் சிரிக்க வைத்தே கையைக் காலைத் தூக்க வைத்துவிடுவாள். இப்போது எண்ணிக்கை மட்டும்தான் வாயிலிருந்து வரும். 'கடிகாரம்' என்று அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

லாரிக்காரர் விஷயத்தில் ஏணியின் பாச்சா பலிக்கவில்லை. இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே அவரை நிறுத்தப் பார்த்தால், "விட்டுடுங்க தம்பி. நான் நடந்து எங்க போகப் போறேன்?" என்று சொல்லி அப்படியே துவண்டு உட்கார்ந்துவிடுவார். கூடத்தின் மறுகோடியிலிருந்து அவள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எலும்பு கூடிவிட்டது, தசையும் இருக்கிறது. மனுஷனுக்கு எழுந்திருக்க இஷ்டமில்லை. அது அவளுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தது இனித்தது. அந்த இனிப்பு சாயங்காலம் வரை தங்கவில்லை என்பதுதான் அவளுக்குப் பிடிபடாத சங்கதி.

அவருடைய மனைவி அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை செய்பவர். வேலை முடிந்ததும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்துவிடுவார். ஒரு நாள் மதியம் தாழ்வாரத்தில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில், இவள் பின்னால் வந்து நின்றார்.

"மேடம், நீங்களும் ஆலயத்துக்குப் போறவங்கதானா? கழுத்துல சிலுவை பார்த்தேன்."

"ம்."

"ஒரு உதவி கேட்கலாமா? ஒரு ஆளுக்காக ஜெபம் பண்ணிக்குங்க."

கணவருக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்து அவள் பாட்டிலை மூடிக்கொண்டு நகரப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரால ஒரு மனுஷன் போயிட்டாரு மேடம். அவருக்கு சின்ன வயசுல ஒரு சம்சாரமாம். போய் அவங்க கால்ல விழணும்னு எனக்கு ஆசை. வக்கீல் அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாரு. பேரைக் கேட்டேன், அதையும் சொல்லல."

அவள் அசையாமல் நின்றாள்.

"பேர் தெரியாம எப்படி ஜெபம் பண்றதுன்னு முதல்ல தவிச்சுப்போனேன். அப்புறம் ஆண்டவருக்குத்தான் தெரியுமேன்னு விட்டுட்டேன். ஆண்டவரே, அந்தப் பொண்ணு இன்னைக்கு ஒரு வாய் சாப்பிட்டாளா பாரும், கொஞ்சம் தூங்க வையும், தனியா விட்டுடாதேயும்னு தினமும் கேட்டுக்குவேன். வேலை செய்யிற இடத்துல துடைப்பத்த பிடிச்சுக்கிட்டே கேட்பேன். ஒருத்தி கேக்கிறதை விட ரெண்டு பேர் கேட்டா நல்லது இல்லையா? அதான் உங்ககிட்டயும்…"

"சரி," என்றாள்.

தாழ்வாரத்தின் முனையில் துவைத்து வந்த விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறை இருந்தது. அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவன் போன புதிதில், எழுந்திருக்கவே முடியாது என்று நினைத்துப் படுத்த நாட்கள் எத்தனையோ. ஆனாலும் எப்படியோ எழுந்திருக்கிறாள். சாப்பாடு தொண்டையில் இறங்காது என்று நினைத்து உட்காருவாள், பாதித் தட்டு காலியாகியிருக்கும். ஆண்டவர் தன்னைக் கைகழுவிவிட்டார் என்றுதான் இத்தனை மாதமாக நம்பிக்கொண்டிருந்தாள். ஊர் பேர் தெரியாத ஒருத்தி, அதுவும் அந்த ஆளின் மனைவி, துடைப்பமும் கையுமாக நின்று இவள் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மன்றாடிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த மன்றாட்டை அவர் கேட்டுமிருக்கிறார்.

"ஆண்டவரே, எனக்கு அந்த ஆளைப் பிடிக்கல," என்று வாய்விட்டுச் சொன்னாள். "சுத்தமாப் பிடிக்கல. பிடிச்ச மாதிரி நடிக்கவும் வராது. ஆனா இப்படியே இருக்கவும் என்னால முடியல. நீங்க என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாத்தான் உண்டு."

கதவு திறந்தது. சலவைப் பிரிவு ஆள் ஒருவர் எட்டிப் பார்த்தார். இவள் அழுத முகத்தைக் கண்டு திகைத்து, "மேடம், தலையணை உறை ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். அவள் ஒன்றை வாங்கி முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டு அவரிடமே கொடுத்தாள்.

லாரிக்காரருக்குத் தானே பயிற்சி கொடுப்பதாகப் போய்க் கேட்டாள். பெரிய மேடம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "உனக்கும் நல்லதில்ல, அவருக்கும் நல்லதில்ல," என்றார்.

"நான் யாருன்னு அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அவர் வேண்டாம்னா ஒதுங்கிடறேன். நீங்களும் பக்கத்துல இருங்க."

அப்படித்தான் நடந்தது. மறுநாள் காலை அவர் நாற்காலிக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மனைவியும் அன்றைக்கு வந்திருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அன்னைக்கு சைக்கிள்ல வந்தாரே, அவரோட சம்சாரம் நான்தான்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். அவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். நாற்காலியின் சக்கரத்தைப் பின்னால் தள்ளப் பார்த்தார். சுவர் இடித்தது.

"என்ன வேணாலும் பண்ணுங்கம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார்.

"எனக்கு வேலை தெரியும். உங்களை நடக்க வைக்கலாம்னு வந்திருக்கேன். மன்னிச்சிட்டேன்னு சொல்ல இன்னும் எனக்கு வாய் வரல. பொய் சொல்லக் கூடாது பாருங்க. அதுக்காக ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன். அது வர்றப்ப வரட்டும். அதுக்குள்ள முட்டிய மடக்கிப் பார்க்கலாமா?"

அவர் அழுதார். பெரிய ஆள் அழுகிற அழுகை, தோள் குலுங்கியது. மனைவி இவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "உங்க பேரைச் சொல்லுங்கம்மா, உங்க பேரைச் சொல்லுங்கம்மா," என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் சொன்னாள். அந்த அம்மாள் அதை மனப்பாடம் செய்கிறவரைப்போல உதட்டுக்குள் பலமுறை சொல்லிக்கொண்டார்.

வீட்டில் புயல் அடித்தது. "என் பிள்ளைய விட அவன் உனக்குப் பெரிசாப் போயிட்டானா?" என்று கேட்டுவிட்டுக் கிழவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இல்ல மாமா. வெறுத்து வெறுத்து எனக்குள்ள எல்லாம் மரத்துப்போச்சு. உங்க பிள்ளைய நினைச்சு ஒழுங்கா அழக்கூட முடியல. நினைக்க ஆரம்பிச்சா அந்த லாரிதான் குறுக்க வந்து நிக்குது."

அவர் காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வெகுநாள் அவளோடு நேராகப் பேசவில்லை. உப்பில்லாத சாப்பாட்டைப் பற்றிச் சுவரிடம் முறையிட்டார்.

கூடத்தில் வேலை மெல்ல நகர்ந்தது. முட்டியை மடக்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொள்வார், கத்தமாட்டார். வலியைத் தனக்குச் சேர வேண்டியது என்று வாங்கிக்கொள்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. "கத்துங்கண்ணே. எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? ஊமைகிட்ட வைத்தியம் பார்க்க நான் படிக்கல," என்று அதட்டினாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த கணக்காசிரியர் காதைத் தீட்டிக்கொண்டார். கடிகாரம் பேச ஆரம்பித்துவிட்டதே என்று அன்றே எல்லாருக்கும் செய்தி போய்விட்டது.

ஒரு நாள் அவர் தானாகவே ஆரம்பித்தார்.

"பிரேக் பிடிக்கலைன்னு சொல்லச் சொல்றாரு வக்கீல்."

"பிடிச்சுதா?"

"பிரேக்குல ஒரு கோளாறும் இல்லம்மா. நான்தான் தூங்கிட்டேன். ரெண்டு நாளா சரியாத் தூங்காம வண்டி எடுத்தேன். எடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல." கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஜட்ஜ் ஐயாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன். தினமும் என் சம்சாரம் பக்கத்துல உட்கார்ந்து ஜெபம் பண்ணுது. பொய்யை வச்சுக்கிட்டு என்னால ஆமென் சொல்ல முடியல. ஆனா ஒண்ணு. உட்கார்ந்துக்கிட்டு சொல்ல மாட்டேன். நின்னு சொல்லணும். நிக்க வச்சிடுவீங்களா?"

நடந்து எங்கே போகப் போகிறேன் என்று கேட்டவருக்குப் போக ஒரு இடம் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு விட்டுக்கொடுக்காமல் உழைத்தார். கம்பிகளுக்கு நடுவே நின்றார், காலை மாற்றி வைத்தார், வியர்த்துக் கொட்ட உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஒரு நாள் கம்பியை விட்டு வாக்கருக்கு மாறும்போது கால் பிசகிவிட்டது. ஏணி ஓடி வருவதற்குள் அவள் பாய்ந்து அவரை மார்போடு சேர்த்துத் தாங்கிக்கொண்டாள். அவருடைய முழுப் பாரமும் அவள் தோளில் சாய்ந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது அவளுக்குக் கேட்டது. ஒரு சின்னக் குழந்தையின் நெஞ்சு பயத்தில் அடித்துக்கொள்வதைப்போல இருந்தது. விழுந்துவிடக் கூடாதே, ஐயோ, இந்த மனுஷர் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் அவள் மனம் பதறிற்று. அந்தப் பதற்றத்தில் கசப்பு ஒரு துளிகூட இல்லை. தேடிப் பார்த்தாள். இல்லை.

அவரை உட்கார வைத்துவிட்டு, மூச்சு வாங்க எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே."

"சொல்லுங்கம்மா."

"மன்னிச்சிட்டேன்."

கூடம் அதுபாட்டுக்கு இயங்கிக்கொண்டிருந்தது. யாரோ சைக்கிள் பயிற்சி இயந்திரத்தை மிதித்தார்கள். அவர் இரண்டு கைகளையும் குவித்தார். அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாறையை யாரோ புரட்டிப் போட்டதைப்போல மூச்சு உள்ளே இறங்கியது. அன்று வீட்டுக்குப் போய்க் கணவனுடைய சட்டைகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு அவனுக்காக மட்டும் அழுதாள். குறுக்கே எந்த லாரியும் வரவில்லை. கிழவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதிலும் உப்பைப் போட்டிருந்தார், சர்க்கரை என்று நினைத்து. அவள் முழுவதையும் குடித்தாள்.

விசாரணை நாளில் மாமனாரும் கூட வந்தார். "அவன் வாயால என்ன சொல்றான்னு பார்க்கணும்," என்றார். காதுக் கருவிக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அவள் பழைய பின்வரிசையிலேயே உட்கார்ந்தாள்.

லாரிக்காரர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூண்டு வரை நடந்து வந்தார். "நீங்க உட்கார்ந்தே பேசலாம்," என்றார் நீதிபதி.

"வேண்டாங்கய்யா. நிக்கிறேன்."

தூங்கிவிட்டதைச் சொன்னார். தூக்கம் வரும் என்று தெரிந்தே வண்டி எடுத்ததைச் சொன்னார். வக்கீல் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். கால் நடுங்குவது பின்வரிசை வரை தெரிந்தது. அவளுக்குத் தன் கால்களும் வலித்தன. உதட்டுக்குள் ஜெபித்துக்கொண்டே அவருடைய முட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். கடைசி வார்த்தை வரை அந்த முட்டி தாங்கியது.

முன்வரிசையைப் பார்த்தால் மாமனார் இருந்த இடம் காலி. வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுச்சா மாமா?"

"கேட்டுச்சு. எல்லாமே கேட்டுச்சு." தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் பொய் சொல்லியிருந்தா எனக்கு சவுகரியமா இருந்திருக்கும்மா."

இனி வண்டி ஓட்டவே கூடாது என்றும் சில மாதங்கள் சிறை என்றும் தீர்ப்பு வந்தது. அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆலயத்துக்குக் கிளம்பும்போது கிழவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அவர்கிட்ட நான் இன்னும் பேசல. சும்மா வந்து உட்கார்றேன், அவ்வளவுதான்," என்றார்.

போதகர் வாசலில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாரே தவிர, இத்தனை நாள் எங்கே என்று கேட்கவில்லை. கிழவர் முதல் வாரம் வெறுமனே உட்கார்ந்தார். மூன்று நான்கு வாரங்கள் கழித்துப் பாட்டில் ஒரு வரியை மட்டும் கட்டையான குரலில் பாடினார். ஒரு நாள் திரும்பி வரும் வழியில், "இன்னைக்கு நல்லா சண்டை போட்டேன் அவர்கிட்ட," என்று சொன்னார். அவள் அதைக் கேட்டு மகிழ்ந்தாள். பேச்சுவார்த்தை ஆரம்பித்துவிட்டதல்லவா.

லாரிக்காரர் தண்டனை முடிந்து வந்ததும் அவர் மனைவி தொலைபேசியில் அழைத்தார். ஒரு தரம் வந்து ஐயாவைப் பார்க்கலாமா என்று கேட்டார். அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் நெடுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வரச் சொல்லு," என்றார்.

அவர்கள் வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். லிப்ட் இல்லாத கட்டடம். கீழே கைத்தடி படியில் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தட்டு, ஒரு காலடி, இன்னொரு காலடி. முதல் மாடி தாண்டியது. இரண்டாம் மாடிக்கு வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கப் போனாள்.

"நீ இரு," என்றார் கிழவர்.

சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார். அவள் மேலேயே நின்று எட்டிப் பார்த்தாள். படிகள் திரும்பும் இடத்தில் லாரிக்காரர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார், பக்கத்தில் மனைவி. கிழவரைக் கண்டதும் கைத்தடியை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குனியப் பார்த்தார்.

"அதெல்லாம் வேண்டாம். முதல்ல உட்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க," என்று நாற்காலியைப் போட்டார் கிழவர்.

"ஐயா, நான்…"

"பேச்சு அப்புறம். முட்டி எந்தப் பக்கம்? இந்தப் பக்கமா? அப்ப காலை நீட்டிக்குங்க."

அவர் உட்கார்ந்தார். கிழவருக்கு உட்கார இடமில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். பிறகு கிழவர் தொண்டையைச் செருமினார்.

"என் பையன் இந்தப் படியில ஒருநாளும் நடந்து இறங்கினதில்ல," என்றார். "சின்ன வயசுல கைப்பிடியில சறுக்கிட்டே வருவான். கீழ் வீட்டுக்காரம்மா தினமும் வந்து புகார் சொல்லும். கல்யாணம் ஆன பிறகும் ஒரு தடவை சறுக்கினான், தெரியுமா?"

"சொல்லுங்கய்யா," என்றார் லாரிக்காரர்.

அவளுக்கே தெரியாத கதை அது. அவள் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, மேல் படியில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினாள்.